மேடை ஏறிய சம்பத்

இந்த வீட்டில் ஒரு விஷயமாவது தன் இஷ்டப்படி நடக்கவேண்டும் என்று லாரி ஓனர் சம்பத் முடிவு கட்டிவிட்டார். திருக்கழுக்குன்றத்தில் அவர் கட்டும் புது வீட்டில், வாசற்கதவு முதல் மொட்டைமாடிக் குழாய் வரை எல்லாம் மனைவி பார்வதத்தின் தீர்ப்பு. மிச்சம் இருந்தது சமையலறை ஒன்றுதான்.

"அத்த நான் பாத்துக்கறேன். நீ வாயத் தொறக்காத."

"தொறக்கல" என்றாள் பார்வதம்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று மனுஷனுக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? பாவம், குளிர்ந்துபோனார்.

ஒரு வாரம் செல்போனும் கையுமாக உட்கார்ந்து படித்தார். அடுப்பும் பாத்திரம் கழுவுகிற தொட்டியும் ஒட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. ஜன்னலுக்கு நேரே அடுப்பு வைத்தால் காற்று அணைத்துவிடும். மிக்சிக்குத் தனி பிளக், கிரைண்டருக்குத் தனி பிளக். அடுப்படியில் மணை, முக்காலி எதுவும் போடவே கூடாது, கால் இடறும். அத்தனையையும் கொத்தனார் எல்லப்பனிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

எல்லப்பன் கேட்டது ஒன்றுதான். "மேட இன்னா ஒசரம் சார்? நிக்கிற ஆளோட முழங்கைக்கு நாலு வெரல் கீழ வரணும். யாரு நிப்பாங்க?"

"பிளான் போட்டவருக்கே அளவெடு எல்லப்பா" என்றாள் பார்வதம். "அவருக்குத்தான் எல்லாம் தெரியும்."

சம்பத் ஆறடி. பெருமை வேறு ஓர் அங்குலம் ஏற்றியது. கையை மடக்கிக்கொண்டு சுவரோரம் விறைப்பாக நின்றார். எல்லப்பன் பென்சிலால் கோடு போட்டான். அந்தக் கோட்டிலேயே கிரானைட்டும் ஒட்டியாயிற்று.

பால் காய்ச்சும் நாள். சொந்தபந்தமெல்லாம் சூழ்ந்து நிற்க, நாலேமுக்கால் அடி பார்வதம் அடுப்பின் முன் போய் நின்றாள். மேடை அவள் நெஞ்சுக்கு வந்தது. பால் பொங்குகிறதா என்று எட்டிப் பார்த்தால் பாத்திரத்தின் வயிறுதான் தெரிந்தது.

"இன்னாங்க, எனக்கு எட்டல."

"ஒரு மணையப் போட்டு நில்லேன்!"

"ஐயய்யோ, கால் இடறும்னு நீங்கதான படிச்சீங்க?" கரண்டியை அவர் கையில் திணித்தாள். "லாரி ஓனர் சங்கத்துல நமக்கு மேடையே குடுக்கமாட்றாங்கன்னு பொலம்புவீங்களே. இதோ கீது மேட. எறங்கவே வாணாம்."

அன்று பால். மறுநாள் இட்லி. அதற்கும் மறுநாள் கத்தரிக்காய்க் குழம்பு. இடுப்பு துளிகூட வலிக்கவில்லை, அளவு அவ்வளவு கச்சிதம். மானம்தான் வலித்தது. நாலாம் நாள் எல்லப்பனைத் தெருமுனையில் மடக்கினார்.

"யப்பா, அந்த மேடைய ஒரு சாண் எறக்கிக் குடேன்."

"முடியாது சார், கிரானைட்டப் பேத்தா ஒடஞ்சிடும்." எல்லப்பன் தலையைச் சொறிந்தான். "பேக்கவே முடியாதபடி ஒட்டுன்னு பார்வதம் அக்கா அளவெடுத்த அன்னிக்கே சொல்லிச்சே."