புலிமீனுக்குச் சாட்சி

மட்டக்களப்பில் பிறந்தவனுக்கெல்லாம் மீன் பிடிக்கத் தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி நம்புகிறவரைக் கண்ட இடத்திலேயே திருத்திவிட வேண்டும். நான் திருத்தவில்லை. அதனால் ஆப்பிரிக்காவில் ஓர் ஏரியில், கரையில் முதலை பார்த்துக்கொண்டிருக்க, தலையில் மீன்வலையோடு மிதந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா தபால் கந்தோரில் எழுதுவினைஞர். எங்கள் வீட்டுக்கு மீன் சைக்கிள் பெட்டியில் வரும், அம்மாவின் கையில் வெட்டுப்படும், குழம்பான பிறகுதான் எனக்கு அறிமுகமாகும். வாவிப் பாலத்தில் கடலை கொறித்தபடி காற்று வாங்கியிருக்கிறேன். எனக்கும் தண்ணீருக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். நீச்சலும் தெரியாது.

மொன்றியலில் டவுன்டவுனில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. தொலைபேசியில் அழைக்கிறவர்களிடம் "கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டுப் பாருங்கள்" என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொல்வதுதான் அந்த வேலை. பக்கத்து மேசையில் இருந்து அதையே சொன்னவள் கவிதா. இரண்டு வருடம் இருவரும் மாறி மாறிச் சொன்னதில் காதல் வந்துவிட்டது. (எங்கள் காதலும் இடையிடையே நிறுத்தித் திரும்பப் போட்டதுதான். அது வேறு கதை.)

கவிதாவின் அப்பா யாழ்ப்பாணத்துக்காரர். சாம்பியாவில் பல வருடம் கணக்குப் படிப்பித்துவிட்டுக் கனடாவுக்கு வந்தவர். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். அவருக்கு வாழ்க்கையில் ஒரேயொரு மனக்குறை. சாம்பியாவில் இருந்த காலத்தில் கரிபா ஏரியில் பெரிய புலிமீன் ஒன்றைப் பிடித்திருக்கிறார். வரி வரியான உடம்பும் வாய் நிறையப் பல்லுமாக, துள்ளினால் ஆளுயரம் எழும்பும் மீன். ஆனால் படம் எடுக்கவில்லை. மொன்றியலில் அந்தக் கதையை அவர் தொடங்கினால் மாமி, அதாவது கவிதாவின் அம்மா, எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவார். சிநேகிதர் வேலாயுதம் அங்கிள் முகட்டைப் பார்த்துச் சிரிப்பார்.

முதன்முதலாக, மொன்றியல் புறநகரான கர்க்லாண்டில் அவர்கள் வீட்டுக்குப் போன அன்று கவிதா வாசலிலேயே சொல்லித் தந்தாள்.

"அப்பாவோட மீனைப் பற்றிக் கதையுங்கோ. வேறொண்டும் கதைக்காதேங்கோ."

மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி எவ்விடம்?"

"மட்டக்களப்பு."

அவர் முகம் மலர்ந்தது. "அட! வாவியிலை மீன் பிடிச்சிருப்பீரே?"

"பிடிக்காத நாள் இல்ல மாஸ்டர்."

சொல்லிவிட்டேன். கையில் மாமி தந்த றோல்ஸ், நாக்கில் அண்டப்புளுகு. கதவடியில் நின்ற கவிதா தலையில் கையை வைத்தாள்.

ஒரு மாதத்தில் மாஸ்டர் போன் எடுத்தார். கரிபா ஏரிக்கரையில் ஒரு விடுதியில், வழிகாட்டியோடு மீன் பிடிக்க ஐந்து நாளுக்கு இரண்டு பேருக்கு இடம் பதிந்திருக்கிறாராம். கூட வருவதாக இருந்த வேலாயுதம் அங்கிளுக்கு முழங்காலில் ஒப்பரேசன்.

"நீர் வாரும். உம்மைப் போல அனுபவசாலி பக்கத்திலை நிண்டால் எனக்கும் தெம்பு. கலியாணக் கதையைத் திரும்பி வந்து கதைப்பம்."

கவிதா கொஞ்சம் விளக்கமாகச் சொன்னாள். "இஞ்ச பாருங்கோ. அப்பாவுக்கு அந்த மீனோட ஒரு படம் வேணும். வடிவா எடுத்துக்கொண்டு வாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன். படம் இல்லாமல் வந்தால் என்னாலை ஒண்டும் செய்யேலாது, சொல்லிப்போட்டன்."

பக்கத்து ஊர் லவாலுக்கு மெட்ரோ வந்த புதிது. அங்கே ஒரு கடையில் தூண்டில் வாங்கிக்கொண்டு, வீட்டில் பழகிப் பார்ப்போம் என்று திரும்ப மெட்ரோவில் ஏறினேன். கதவு மூடியபோது தூண்டில் உள்ளே, அதன் நுனி வெளியே. அடுத்த ஸ்டேஷன் வரும்போது நுனி இல்லை. எதிரில் இருந்த கிழவர் தொப்பியைக் கழற்றி எனக்கு அனுதாபம் தெரிவித்தார். என் பயிற்சி அத்தோடு முடிந்தது.

புறப்படும்போது மாமி என் கையில் ஒரு பார்சலைத் திணித்தார். உள்ளே கறித்தூள், பழப்புளி, வெந்தயம். "மீன் பிடிபட்டால் தலையைக் குழம்பு வையும் தம்பி. நீர் மட்டக்களப்பு ஆள், உமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை." இந்தப் பார்சலை மறந்துவிடாதீர்கள். என் புத்தி கெட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

இரண்டு விமானம், அரை நாள் லொறி, அதற்கு மேல் ஒரு மணித்தியாலம் போட். கூரை வேய்ந்த ஆறு குடில்களும் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீருமாக இருந்தது விடுதி. வழிகாட்டியின் பெயர் பண்டா. (சிங்களப் பெயராச்சே என்று நான் திடுக்கிட்டு, "சிலோனோ?" என்று கேட்டேன். அந்த ஊரிலும் அந்தப் பெயர் தெருவுக்குத் தெரு உண்டாம்.) அவர் மாஸ்டரிடம் கணக்குப் படித்தவர். தலை நரைத்த பிறகும் மாஸ்டருக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றார்.

முதல் நாள் காலை போட்டில் வைத்துப் பண்டா விதிமுறைகளை விளக்கினார். மாஸ்டர் தலையாட்டிக் கேட்டார். நான் கேட்கவில்லை. கரையில் வாயைத் திறந்தபடி வெயில் காய்ந்த முதலையையும், எனக்கும் அதற்கும் இடையில் இருந்த தூரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் குளிருக்குப் போடுகிறவன் போல இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

"அதென்ன, வாவிக்காரனுக்கும் ஜாக்கெட்டோ?" என்றார் மாஸ்டர்.

"பண்டா கவலைப்படுவார் மாஸ்டர்."

பிறகு தூண்டிலை வீசச் சொன்னார்கள். வீசினேன். கொக்கி மாஸ்டரின் தொப்பியைக் கவ்விக்கொண்டு போய் ஏரியில் விழுந்தது. வெறுந்தலையோடு அவர் திரும்பிப் பார்த்தார்.

"மட்டக்களப்பிலை இப்பிடித்தான் வீசிறதோ?"

"நாங்க வலை வீசுற ஆக்கள் மாஸ்டர். தூண்டில் பழக்கம் குறைவு."

அவர் என் தூண்டிலை வாங்கிப் பண்டாவிடம் கொடுத்தார். அன்றிலிருந்து எனக்குக் கமரா மட்டும். கழுத்தில் மாட்டிக்கொண்டு பக்தியோடு காத்திருந்தேன்.

நாலு நாள் ஓடியது. மாஸ்டரின் தூண்டிலில் சின்னச் சின்ன மீன்கள் பட்டன. ஒவ்வொன்றையும் பண்டா கொக்கியிலிருந்து கழற்றி ஏரியில் விட்டார். குஞ்சுகளை விடுகிறார், நல்ல மனுஷன் என்று எண்ணிக்கொண்டேன். விடுதியில் மூன்று வேளையும் உப்பில்லாத சூப்பும் பாணும். என் பெட்டியில் மாமியின் கறித்தூள் மணத்தது. சொன்னால் வெட்கக்கேடு, மாஸ்டர் படத்துக்காக அந்த மீனை வேண்டினார், நான் தலைக்குழம்புக்காக வேண்டினேன்.

ஐந்தாம் நாள், கடைசிக் காலை. மத்தியானம் நாங்கள் புறப்பட வேண்டும். மாஸ்டர் தூண்டில் நுனியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திடீரென்று ரீல் கிறீச்சிட்டது, தூண்டில் வில்லாக வளைந்தது. தூரத்தில் வெள்ளியாக ஒன்று தண்ணீரைக் கிழித்து எழும்பி விழுந்தது.

"முருகா!" என்று கத்தினார் மாஸ்டர். "முருகா, விட்டிடாதை!"

இருபது நிமிடம் இழுபறி. நான் "விடாதீங்க மாஸ்டர், விடாதீங்க" என்று கத்தியே களைத்துப் போனேன். கடைசியில் பண்டா நீளப் பிடி போட்ட வலையால், எங்கள் ஊரில் அத்தாங்கு என்போமே அதனால், மீனை அள்ளிப் போட்டில் ஏற்றினார். அம்மாடி! உள்ளதைச் சொன்னால் என் கை நீளம் இருக்கும். பல்லைப் பார்த்து நான் இரண்டு அடி பின்வாங்கினேன்.

மாஸ்டர் அதை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணெல்லாம் தண்ணீர். "எடும் தம்பி, எடும்!" எடுத்தேன். கமராவின் சின்னத் திரையில் பார்த்தேன். மாஸ்டர், மீன், பின்னால் நீல ஏரி. என் கலியாணப் பத்திரிகையே அந்தத் திரையில் தெரிந்தது.

மாஸ்டர் போட்டின் விளிம்பில் முழந்தாளிட்டார். மீனைத் தண்ணீரில் இறக்கி, வாலைப் பிடித்தபடி இருந்தார். கழுவுகிறார் என்று நினைத்தேன். மீன் ஒரு உதறு உதறியது. அவர் கை நழுவியது.

"மாஸ்டர், போகுது! போகுது!"

"போகட்டும் தம்பி," என்றார் மெல்ல.

மனுஷன் நொந்துபோய்ச் சொல்கிறார் என்று நினைத்தேன். எத்தனை வருடக் கனவு! என் மாமனார்! என் தலைக்குழம்பு! ஐயோ என்று பாய்ந்தேன்.

காற்றில் இருக்கும்போது மூன்று விஷயங்கள் ஞாபகம் வந்தன. எனக்கு நீந்தத் தெரியாது. கரையில் முதலை இருக்கிறது. கழுத்தில் கமரா இருக்கிறது. (கமரா ஏன் முதலாவதாக ஞாபகம் வரவில்லை என்று இன்றைக்கும் விசாரணை நடக்கிறது.)

மீனை நான் தொட்டேன். சத்தியமாகத் தொட்டேன். அது வாலால் என் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டுப் போய்விட்டது. ஜாக்கெட் என்னை மேலே தள்ள, நான் கையையும் காலையும் அடித்து "அம்மா, முதலை!" என்று அலற, பண்டா அதே அத்தாங்கை என் தலையில் போட்டு இழுத்தார். வலையோடு இழுபட்டதில் கமராவின் வார் கழுத்தைவிட்டுக் கழன்றது. அது சுழன்று சுழன்று கீழே போவதை நாங்கள் மூவரும் பார்த்தோம்.

போட்டில் கிடந்து இருமினேன். பண்டா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விளக்கினார். முதல் நாளே சொன்னேனே என்றார். இந்த விடுதியில் புலிமீனைப் பிடிப்போம், படம் எடுப்போம், உயிரோடு திரும்ப விடுவோம். அதுதான் விதி. பிடித்த சாப்பாட்டை வந்த வழியே திருப்பி அனுப்பும் பழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை. எனக்கு எப்படித் தெரியும்?

பண்டா மாஸ்டரைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"சார், இவரையும் திரும்ப விடுவோமா? வைத்துக்கொள்வோமா?"

மாஸ்டர் என்னை நெடுநேரம் பார்த்தார். பதில் சொல்லவில்லை. லொறியிலும் பேசவில்லை. இரண்டு விமானத்திலும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டில் இருந்த மீன் துண்டை மட்டும் மூடி ஓரமாகத் தள்ளி வைத்தார்.

கர்க்லாண்ட் வீட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். மாமி, கவிதா, முழங்கால் கட்டோடு வேலாயுதம் அங்கிள்.

"எங்கை படம்?" என்றார் அங்கிள்.

மாஸ்டர் கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றினார். "பிடிச்சனான். படம் இல்லை."

அங்கிள் முகட்டைப் பார்த்தார். மாமி தேத்தண்ணி போட எழுந்தார். கவிதா என்னைப் பார்த்த பார்வையில் எல்லாம் முடிந்துவிட்டது தெரிந்தது. ஆனால் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு இருந்ததை என்னால் தாங்க முடியவில்லை. மனுஷன் என்னைக் காட்டிக் கொடுக்கவுமில்லை.

"மீன் இருந்தது!" என்று கத்தினேன். "நான் பாத்த நான். படத்த ஏரிக்குள்ள போட்டதும் நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பி, குழம்பு ஆசை, பாய்ச்சல், மீன் தந்த அறை, தலையில் அத்தாங்கு. நீச்சல் தெரியாததையும், வாவியில் ஒரு நெத்தலிகூடப் பிடிக்காததையும் சேர்த்தே சொன்னேன். நடித்துக் காட்டுவதற்காக மாமியின் பின்னல் மேசைவிரிப்பைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

அங்கிள் கட்டுப்போட்ட முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தார். "நம்பிறன் மாஸ்டர். இப்பிடியொரு விசர்வேலையைத் தானே செய்ததெண்டு ஒருத்தனும் பொய் சொல்லமாட்டான். மீன் இருந்திருக்கு!"

மாமி அடுக்களை வாசலில் நின்றுவிட்டார். "அப்ப உண்மையாவே பிடிச்சனீங்களோ?" என்றார். மாஸ்டருக்கு அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது. முதலில் தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பு வெடித்தது.

"பண்டா கேட்டதுக்கு நான் பதில் சொல்லேல்லை என்ன?" என்றார். "வைச்சிருப்பம். சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்."

அடுத்த ஆவணியில் கலியாணம்; மாஸ்டர் மாமாவானார். அன்றிலிருந்து நான் முழுநேரச் சாட்சி. பிறந்தநாளோ பூப்புனித நீராட்டு விழாவோ, மாமா இரண்டு கையையும் விரிப்பார். "தம்பி, சொல்லும். இவ்வளவு இருந்ததோ இல்லையோ?" நான் எழுந்து, "ஓம் மாமா, அவ்வளவு இருந்தது" என்பேன். மீன் வருடாவருடம் வளர்கிறது. என் மகள் பள்ளிக்கூடத்தில் வால் அளவு, தலை அளவு எல்லாம் போட்டுப் பிரெஞ்சில் கட்டுரை எழுத, இது மீனா கப்பலா என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

போன மாதம் வேலாயுதம் அங்கிளின் பேரனின் கலியாணத்தில் மாமா கையை விரித்தார். எட்டின மட்டும் விரித்தும் அவருக்குத் திருப்தி இல்லை. மேசையைச் சுற்றிலும் பார்த்தார்.

"தம்பி, அங்காலை தள்ளி நில்லும். நீர் வாலைப் பிடியும்."

நான் எழுந்து நாலு கதிரை தள்ளிப் போய் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.