லபெயே மாமாவின் தீர்ப்பு

யாங்கூனில் லபெயே மாமாவைவிடக் கண்டிப்பான சினிமா விமர்சகர் இருந்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாதது அவருக்கு ஒரு குறையாகவே இல்லை.

லான்மடாப் பேட்டையில் எங்கள் தெருமுனையில் டிவிடி வாடகைக் கடை வைத்திருந்தார். லபெயே என்பது எங்கள் ஊர்ப் பால் டீ. புதுப் படம் வந்தால் ஒரு கிளாஸ் லபெயேயை முன்னால் வைத்துக்கொண்டு உட்காருவார். தொட மறந்து டீ ஆறிப்போனால் நல்ல படம். சூட்டோடு குடித்துவிட்டால் குப்பை. நல்ல படத்தின் உறையில் வெறும் கிளாஸ் வரைவார். குப்பைக்கு, ஆவி பறக்கும் கிளாஸ். ஆவி பறக்கும் படத்தைக் கெஞ்சினாலும் தரமாட்டார். "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், போ" என்று துரத்துவார்.

ஆங்கிலப் படம் என்றால் என்னைக் கூப்பிடுவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தெருவில் யாரும் அதை மறந்துவிடாதபடி அப்பாவும் நானும் பார்த்துக்கொண்டோம்.

ஒரு மதியம், கரண்ட் இருந்த நேரமாகப் பார்த்து, அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் ஹாலோவீன் நகைச்சுவைப் படம் ஒன்றைப் போட்டார். வசனம் வசனமாக மொழிபெயர்த்தேன்.

"பேய் வேஷம் போட்டுக்கிட்டு வீடு வீடா மிட்டாய் கேக்குறாங்க, மாமா."

"மிட்டாய்க்கு எதுக்கு வேஷம்? பெத்தவகிட்ட கேட்டா ஆகாதா?"

"அது பண்டிகை மாமா."

"பேய்க்கா? நாம வேப்பிலை அடிச்சு ஓட்டுறோம், அவன் வாசல்ல நிக்கவெச்சு மிட்டாய் குடுக்குறானா?"

கால் மணி நேரத்தில் கிளாஸ் காலி.

இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்க்கும் கோ முருகன், அதாவது முருகன் அண்ணன், அன்று கடையில் இருந்தார். "படம் நல்லாத்தான் இருக்கும் மாமா. பாப்பாவுக்குத்தான் இங்கிலீஷ் பத்தல" என்றார். படத்துக்கு வராத சிரிப்பு மாமாவுக்கு அதற்கு வந்தது.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா காதுக்கு இது போனால் என்ன ஆகும்? மறுநாள் கடையில் போய் நின்றேன்.

"இன்னொரு தடவை போடுங்க மாமா."

"குப்பையை ரெண்டு தடவை கிளறச் சொல்றியா?"

"லபெயே நான் வாங்கித் தர்றேன்."

நான் விடமாட்டேன் என்று தெரிந்து, வேடிக்கை பார்ப்பதற்கென்றே கோ முருகன் இன்சீனிலிருந்து ரயிலேறி வந்திருந்தார்.

இந்தத் தடவை வசனத்தைக் கைவிட்டேன். பேய் முகமூடி போட்ட பெண் தெரியாமல் தன் கணக்கு வாத்தியார் வீட்டுக் கதவையே தட்டிவிடுகிறாள். அவளை எங்கள் தெருப் பெண்ணாக்கினேன்.

"சார், நான் செத்துட்டேன் சார். வீட்டுப்பாடம் எப்படி சார் செய்யுறது?"

வாத்தியாருக்கு எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியாரின் மூக்கடைத்த குரல். "செத்தா மட்டும்? லீவ் லெட்டர் எங்கே?"

கோ முருகன் நாற்காலியிலிருந்து சரிந்தார். மாமா கைலி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீயில் ஆடை படிந்தது.

"அப்ப படம் பாஸா மாமா?"

"பாஸா? நேத்துப் பாத்த அதே குப்பைதான். டீயை ஆறவெச்சது நீ."

உறையில் இருந்த ஆவியை அவர் அழிக்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, வெறும் கிளாஸ் ஒன்று வரைந்து என் கையில் கொடுத்தார்.

என் பட்டச் சான்றிதழை அப்பா சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அதற்குப் பின்னால் அந்தக் கிளாஸும் இருப்பது அவருக்குத் தெரியாது.