மாமியாரின் கிரைண்டரும் என் சிப்பும்

மாமியார் வீட்டில் எதையும் ரிப்பேர் செய்யக் கூடாது. அதிலும், நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை ரிப்பேர் செய்யவே கூடாது. கல்யாணமான மூன்றாவது மாதம் இது எனக்குத் தெரிந்தது. (இரண்டாவது மாதமே தெரிந்திருந்தால் செஞ்சியில் என் மரியாதை இன்னும் கொஞ்ச நாள் நீடித்திருக்கும்.)

என் மாமியாருக்குக் கோட்டைக்குப் போகும் ரோட்டில் இட்லிக் கடை. மாவு ஆட்டும்போதெல்லாம் வீட்டில் கிரைண்டர் பக்கத்திலேயே காவல் இருப்பார். எனக்கோ மைக்ரோகன்ட்ரோலர் பைத்தியம். சின்ன சிப்புக்குள் ப்ரோகிராம் எழுதி ஏற்றி, விளக்கை எரியவிட்டு, தனியாகக் கைதட்டிக்கொள்ளும் ரகம். அத்தைக்காக, அரை மணி ஓடியதும் கிரைண்டரைத் தானாக நிறுத்தும் கருவி ஒன்று செய்தேன். சோதனைப் போர்டில் அது நொடி பிசகாமல் வேலை செய்தது. ஆனால் போர்டு பெரிது, பார்க்க அழகில்லை. அதே ப்ரோகிராமைப் புது சிப் ஒன்றில் ஏற்றி, சோப்பு டப்பாவுக்குள் அடக்கி மாட்டினேன். மறுபடி சோதிக்கவில்லை. அதே ப்ரோகிராம்தானே!

அன்று மதியம் பக்கத்து ஊரான வல்லத்தில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. மறுநாள் காலை ஒரு காதுகுத்து வீட்டுக்கு இட்லி ஆர்டர். உளுந்தைப் போட்டுவிட்டு அத்தை தயங்கினார்.

"நாம போயிட்டா நிக்குமா மாப்ள?"

"அரை மணியில அதுவே நின்னுடும் அத்தை. டென்ஷனே வேணாம்."

பந்தியில் வாட்சைப் பார்த்து, "இப்ப நின்னாச்சு" என்று அறிவித்தேன். மாமனார் பக்கத்து இலைக்காரரிடம், "எம் மாப்ள, இன்ஜினியரு" என்றார். எனக்கு இன்னொரு வடை வந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா அத்தைக்குப் போன் செய்தார். "இன்னாக்கா, உன் வூட்ல கிரைண்டர் ஓடிக்கினே இருக்குது?"

நான் போனை வாங்கி, "அது எப்பவோ நின்னுடுச்சுங்க. வேற வீட்டு சத்தமா இருக்கும்" என்று, வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பவருக்கே விளக்கினேன்.

ஊர் திரும்பியபோது தெரு முனையிலேயே கடகட சத்தம் கேட்டது. நான் கதவைத் திறந்ததும் சட்டென்று நின்றது.

"பாத்தீங்களா!" காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

என் மனைவி செல்வி லைட் சுவிட்சைத் தட்டிப் பார்த்தாள். எரியவில்லை. "கரண்ட் போயிடுச்சுங்க" என்றாள்.

மாவு தொட்டியைத் தாண்டித் தரையில் இறங்கி, எங்களை வரவேற்க வாசல்வரை வந்திருந்தது. அத்தை தொட்டுப் பார்த்துக் கையை உதறினார், அவ்வளவு சூடு. அதே நேரம் கரண்ட் வந்தது. கிரைண்டர் புது உற்சாகத்தோடு மறுபடி ஓட ஆரம்பித்தது. மாமனார்தான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார்.

போர்டில் சிப்பை வேகமாக ஓட்ட ஒரு கிரிஸ்டல் இருந்தது. புது சிப்புக்கு நான் அதை வைக்கவில்லை. கிரிஸ்டல் இல்லாத சிப் தன் சொந்த நிதானத்தில் நேரத்தை எண்ணியிருக்கிறது. அதன் அரை மணி, நமக்கு எட்டு மணி நேரம். கரண்ட் போய் வந்ததும் முதலிலிருந்து வேறு எண்ணத் தொடங்கிவிட்டது. இதையெல்லாம் நான் விளக்கி முடித்ததும் அத்தை கேட்டார்:

"அப்ப காதுகுத்துக்கு இன்னா பண்றது மாப்ள?"

புதிதாக உளுந்து ஊறவைத்து, பக்கத்து வீட்டுக் கிரைண்டரில் ஆட்டினோம். காவல், நான். அந்த அக்கா எதிரே உட்கார்ந்து, "ஓடுதா, நின்னுடுச்சா? நல்லா பாத்துச் சொல்லுங்க தம்பி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். காலையில் இட்லி மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பிறகு கிரிஸ்டல் வைத்துச் சரிசெய்த அந்தக் கருவி இன்றைக்கும் அத்தை வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. போன வாரம் பஸ்ஸிலிருந்து போன் செய்து, "அரை மணியில வந்துடுவேன் அத்தை, சாப்பிட ஏதாவது இருக்குதா?" என்றேன்.

"ஊர் அரை மணியா, உங்க அரை மணியா மாப்ள?" என்றார். "சொல்லிட்டீங்கன்னா, இட்லி ஊத்துறதா, இனிமேதான் அரிசி ஊறப் போடுறதான்னு பாப்பேன்."