கதை சொன்னாத்தான் பாட்டு

ஆவடிச் சுற்றுவட்டாரத்தில் பொத்திப் பொத்திக் காப்பாற்றப்பட்ட குடும்ப ரகசியங்களில் பாதியை மைக் கொடுத்து ஊரறியச் சொல்லவைத்த பெருமை, கோவில்பதாகை சவுண்டக்கா ஒருவரையே சேரும். லாடம் கட்டினாலும் வாய் திறக்காத ஆசாமிகள்கூட, அவர் ஒரு புருவத்தைத் தூக்கினால் போதும், கல்லூரியில் யாருக்காக எந்த பஸ் ஸ்டாப்பில் வெயிலில் காய்ந்தோம் என்பதுவரை கக்கிவிடுவார்கள்.

சவுண்டு சர்வீஸ் நடத்தியதால் சவுண்டக்கா. நடத்தாமல் இருந்திருந்தாலும் அதே பெயர்தான் வந்திருக்கும், குரல் அப்படி. கல்யாணம், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா, கோயிலில் கூழ் ஊற்றுவது என்று எதுவானாலும் ஆள் உயரப் பெட்டிகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்குவார். வண்டியை ஓட்டுவது அவருடைய கணவர். அவர் காதில் எப்போதும் பஞ்சு இருக்கும். பெட்டிச் சத்தத்துக்காக வைத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சாப்பிட உட்காரும்போதும் அந்தப் பஞ்சு இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

அக்காவின் தொழிலில் ஒரே ஒரு சட்டம். யாருக்குப் பாட்டு வேண்டுமோ அவர் கதை சொல்ல வேண்டும். அந்தப் பாட்டு ஏன் பிடிக்கும், கேட்டால் எந்த இடம் கண்ணில் வரும், யார் முகம் வரும் என்று மைக்கில் சொன்னால்தான் பெட்டி பாடும். "சும்மா, கேக்க நல்லா இருக்கும்க்கா" என்று யாராவது சொன்னால், "நல்லாகீற பாட்டுலாம் ரேடியோல போடுவான், அங்க போய்க் கேட்டுக்கோ" என்று மைக்கைப் பிடுங்கிக்கொள்வார்.

நான் கரூர்க்காரன். அம்பத்தூரில் வேலை, வெள்ளானூரில் ஃபிளாட். குடிவந்த புதிதில் நடந்த சங்கக் கூட்டத்தில், தண்ணீர் லாரி ஏன் வரவில்லை என்று கேட்கக் கையைத் தூக்கினேன். கலைவிழாச் செயலாளர் பதவிக்குத்தான் கை தூக்குகிறேன் என்று நினைத்து எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். பதவியேற்ற கையோடு பொங்கல் விழாவுக்கு சவுண்டு சொல்ல அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

"பொங்கலுக்கு சவுண்டு வேணுங்க" என்றேன்.

"அது கெடக்கட்டும் நைனா. உன் பாட்டு இன்னா?"

"எனக்கு எல்லாப் பாட்டும் புடிக்குங்க."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாத்தையும் புடிக்கும்னா எதுவும் புடிக்கலன்னு அர்த்தம். போய் யோசிச்சுகினு வா. பாட்டு இல்லாதவனுக்கு நான் பொட்டி எறக்க மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. குளிக்கும்போது யோசித்தேன். அலுவலகக் கூட்டத்தில் மேனேஜர், "உங்க பக்கம் என்ன முன்னேற்றம்?" என்று கேட்டபோது, "இன்னும் பாட்டு கிடைக்கல சார்" என்று சொல்லிவைத்தேன். கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில், ஒரு சிமென்ட் கலவை லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது பளிச்சென்று ஞாபகம் வந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்ததைக்கூடப் பொருட்படுத்தாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராகக் கோவில்பதாகைக்கு விட்டேன்.

என் பாட்டு ஒரு சோகப் பாட்டு. காதலியைப் பறிகொடுத்த கதாநாயகன் மழையில் நனைந்துகொண்டே கதறுவான். கரூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அது ஓடிக்கொண்டிருந்தபோதுதான், காலேஜில் என்னை விடாமல் துரத்திக்கொண்டிருந்த கணக்கு அரியரில் நான் தேறிவிட்டேன் என்று நண்பன் ஓடிவந்து சொன்னான். கதாநாயகன் கதறக் கதற, நான் இரண்டு கையிலும் பஜ்ஜியை வைத்துக்கொண்டு ஆடினேன். அன்றிலிருந்து அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஒருமுறை துக்க வீட்டில் யாருடைய போனிலோ அது ரிங்டோனாக அடித்து, நான் பல்லைக் காட்டி, மாமனார் ஊரில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் முடித்ததும், "இன்னா பஜ்ஜி? வாழக்காவா, மொளகாவா?" என்றார்.

"மொளகாங்க."

"ஆங்." அக்கா எழுந்துவிட்டார். உள்ளே பார்த்து, "யோவ், வெள்ளானூர் ஃபிளாட்டுக்குப் பொட்டி எடுத்து வை. இவன் கையில பாட்டு கீது" என்றார்.

பொங்கல் அன்று முதலில் மைக் பக்கம் ஒருவரும் வரவில்லை. செயலாளன் என்ற முறையில் நான் போய் பஜ்ஜிக் கதையைச் சொன்னேன். மழைப் பாட்டு ஓடியது. கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. அதுவரை லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்கூட அன்றிலிருந்து என்னை 'பஜ்ஜி சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கடைசியில், யாரும் எதிர்பாராத விதமாக, சங்கத் தலைவரே எழுந்து வந்தார்.

தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. மாடிப்படியில் யாராவது சத்தமாகச் சிரித்தால் மறுநாள் காலையில் நோட்டீஸ் ஒட்டிவிடுவார். அவர் மைக்கைப் பிடித்து ஒரு பக்திப் பாட்டைச் சொல்லி, "அதைப் போடும்மா" என்றார்.

"சாமி பாட்டு, சரி சார். உங்களுக்கு யார் மூஞ்சி ஞாபகம் வரும்?"

"சுவாமி முகம்தான்."

"அது எல்லாருக்கும் வரும். உங்க கதைய சொல்லு சார்."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மைக் ஒரு போதை. கையில் வந்துவிட்டால் ஆளை மாற்றிவிடும். "நான் பொண்ணு பார்க்கப் போன அன்னைக்கு, எதிர்த்தாப்ல இருந்த கோயில்ல இந்தப் பாட்டு ஓடிட்டிருந்தது. அவ பச்சைத் தாவணியில காபி கொண்டுவந்தா. பாட்டு முடியற வரைக்கும் நான் டம்ளரை வாங்கவே இல்லை" என்றார். கூட்டம் கைதட்டிய கைதட்டலில் ஷாமியானா ஆடியது.

கைதட்டல் ஓய்ந்ததும் முன்வரிசையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, எங்க வீட்டுக்கு எதிர்ல கோயிலே கிடையாதே. எங்க வீட்ல நீங்க குடிச்சது மோர்."

கூட்டம் மொத்தமும் தலைவர் பக்கம் திரும்பியது. அக்கா மட்டும் உண்மையான அக்கறையோடு மைக்கில் கேட்டார்: "அப்ப இது யார் ஊட்டுக் காப்பி சார்?"

மறுவாரமே சங்கம் அவசரமாகக் கூடி, இனி சவுண்டக்கா நம் வளாகத்துக்குள் வரக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அடுத்த விழாவுக்கு லேப்டாப்போடு ஒரு தம்பி வந்தான். பாட்டுகள் தம்பாட்டுக்கு ஓடின. ஜனங்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, வடை தீர்ந்ததும் கலைந்து போய்விட்டார்கள்.

அக்கா தப்பே செய்யாதவர் என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை பூந்தமல்லி மண்டபத்தில் ஒரு வரவேற்பு; நானும் போயிருந்தேன். ஒருவர் வந்து, டிவி ஆன்டெனாவைத் திருப்பப்போய் மொட்டை மாடியிலிருந்து விழுந்து கை முறிந்தபோது ஓடிய பாட்டு என்று ஒன்றைக் கேட்டார். போட்டார்கள். சற்று நேரத்தில் இன்னொருவர் வந்து அதே பாட்டைக் கேட்டு, அதே ஆன்டெனா, அதே கைமுறிவு என்று ஆரம்பித்தார். அக்கா மைக்கை அணைத்துவிட்டார்.

"இன்னா நைனா, கதைய திருடிகினு வர்றியா?"

மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். விசாரித்தால் இருவரும் அண்ணன் தம்பி. அண்ணன் மாடியிலிருந்து விழுந்திருக்கிறார். கீழே நின்று 'படம் தெரியுது, தெரியல' என்று கத்திக்கொண்டிருந்த தம்பி மேலேயே விழுந்திருக்கிறார். இருவரும் மேடையில் சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினார்கள். அக்கா பக்கத்தில் போய்க் குனிந்து, இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தப்பு எம்மேலதான்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, தம்பிக்குத் தனியாக அதே பாட்டை இன்னொரு தடவை போட்டார். அண்ணன் தம்பி இருவரும் அதற்கு ஆடிய ஆட்டத்தில் மறுபடி ஏதாவது முறிந்துவிடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

அப்பேர்ப்பட்ட அக்காவுக்குத்தான் அந்தச் சோதனை வந்தது. ஒரே மகள் தேன்மொழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை வைக்க எங்கள் ஃபிளாட்டுக்கு வந்த அக்காவின் முகத்தில் களையே இல்லை.

"பஜ்ஜி, எம் பொண்ணு என் கையக் கட்டிப்புட்டா. 'மாப்ள ஊட்டுக்காரங்க சாதுவானவங்க. நீ மைக்கத் தொடாத, யாரையும் கதை கேக்காத'ன்னு சத்தியம் வாங்கிகினா. சவுண்டு வெளி ஆளாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க தலைவர் ஊட்டுக்கும் பத்திரிக வச்சிட்டு வந்துட்டேன். வருவாரா?" என்று கேட்டார். வர மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

வரவேற்பன்று அக்கா பட்டுப்புடவையில் முன்வரிசை சோபாவில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கர் ஒவ்வொரு முறை கீச்சிட்டபோதும் அவர் வலது கை மடியில் இருந்தபடியே, அங்கே இல்லாத ஒரு குமிழைத் தேடித் திருகியது. பாட்டுகள் ஓடின. ஜனங்கள் போனைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் தலைவர் உள்ளே வந்தார். கூடவே அவர் மனைவி. அந்த அம்மாள் பரிசைக் கொடுத்துவிட்டு மேடையை விட்டு இறங்குவார் என்று பார்த்தால், நேராகப் போய் மைக்கைக் கையில் எடுத்தார்.

"எனக்கு ஒரு பாட்டு வேணும்."

"சொல்லுங்கம்மா, போட்டுர்றேன்" என்றான் சவுண்டு ஆள்.

"கதை சொல்லாம எப்படிப்பா போடுவே?"

சோபாவில் அக்கா நிமிர்ந்தார்.

"அந்தப் பொங்கலுக்கு அப்புறம் நான் இவர்கிட்ட பேசல. சமைச்சு வச்சிடுவேன், அவ்வளவுதான். ஒருநாள் மத்தியானம் இவரே சமையலறைக்குள்ள போய் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கிட்டே மோர் கரைச்சுக் கொண்டுவந்து நீட்டினார். உப்புக்குப் பதிலா சர்க்கரை போட்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவர் பாடி நான் கேட்டது அன்னைக்குத்தான். பச்சைத் தாவணிக்கு ஒரு பாட்டு இருந்தா இருந்துட்டுப் போகட்டும். எனக்கும் ஒண்ணு கிடைச்சிடுச்சு. அதைப் போடுப்பா."

பாட்டு ஓடியது. தலைவர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

அதன் பிறகு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தானாகவே மைக் முன்னால் ஒரு வரிசை உருவாகிவிட்டது. அக்கா மறக்காமல் பத்திரிகை வைத்திருந்த ஆன்டெனா சகோதரர்கள் வந்தார்கள். நான் போனேன். சாதுவானவர் என்று சொல்லப்பட்ட மாப்பிள்ளையின் அப்பா மைக்கைப் பிடித்தவர் விடுவதாக இல்லை. "அன்னைக்கு பஸ்ல ஒரு பாட்டு ஓடுச்சு..." என்று அவர் ஆரம்பித்ததும், புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டிருந்த அக்காவால் அதற்கு மேல் முடியவில்லை.

"எந்த பஸ்ஸு சம்பந்தி? ஜன்னலாண்ட சீட்டா, நடுவுலயா?"

மண்டபம் சிரித்து அடங்க வெகுநேரமானது. சத்தியம் மீறப்பட்டது ஞாபகம் வந்து, அக்கா பயந்துபோய் மேடையைப் பார்த்தார். தேன்மொழி மாலையோடு இறங்கி வந்து மாமனாரிடமிருந்து மைக்கை வாங்கினாள்.

"என் பாட்டையும் சொல்லிடறேன். சின்ன வயசுல பொட்டிக்குப் பின்னாடிதான் என்னைத் தூங்க வைப்பாங்க. பாட்டு ஓடுச்சுன்னா எனக்குத் தூக்கமே வராது. பாட்டுக்கு முன்னாடி அம்மா மைக்க தட்டி, 'அலோ, அலோ, செக்கு'ன்னு சொல்லும். அதக் கேட்டா அம்மா பக்கத்துலதான் கீதுன்னு உடனே தூங்கிடுவேன். எனக்கு வேற பாட்டு கெடையாது." மைக்கை அம்மாவிடம் நீட்டினாள். "போடும்மா."

அக்கா மைக்கை வாங்கித் தட்டினார். கோவில்பதாகையையே எழுப்பக்கூடிய அந்தக் குரலில் இருந்து, பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு ஒரு "அலோ" வந்தது. தேன்மொழி அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சவுண்டு ஆள் பட்டென்று வால்யூமை ஏற்ற, அடுத்த "அலோ, செக்கு" மண்டபம் முழுக்கக் கேட்டது. அதற்கு எழுந்த விசிலைப் போல எந்தக் கச்சேரிக்கும் நான் கேட்டதில்லை.

போன மழையில் வெள்ளானூர்ச் சாலையில் எங்கள் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. முழங்கால் தண்ணீரில் நானும் என் மனைவியும் அதைத் தள்ளிக்கொண்டு வந்தோம். பாதி கட்டிய ஒரு கட்டடத்தில் ஒதுங்கியிருந்த வடக்கத்தித் தொழிலாளி ஒருவரின் போனில் ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாஷை புரியவில்லை. சண்டைபோட்டுக்கொண்டே வந்த மனைவி திடீரென்று அந்தப் பாட்டுக்குத் தாளம் போட்டு, புரியாத வார்த்தைகளைத் தப்புத்தப்பாகப் பாட ஆரம்பித்தாள். இருவரும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, தள்ளக்கூட முடியாமல் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டுவதற்கு முன்னால் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, புதுசா ஒரு பாட்டு."

"கதை கீதா?"

"இருக்குக்கா."

"அப்ப இரு நைனா, அடுப்ப அணைச்சிட்டு வந்து குந்திக்கிறேன்."

என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிவதற்கு முன்பே எனக்காக அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காரும் மனிதர் இந்தப் பட்டணத்தில் அவர் ஒருவர்தான். அந்தப் பக்கம் குக்கரின் மூச்சு அடங்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தேன்.