மாணிக்கத்துக்கு முடி வெட்டிய அன்று

பயப்படுகிறவனுக்கு எப்போதும் இரண்டு வேலை. பயப்படுவது ஒன்று, பயப்படாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது இன்னொன்று. முதல் வேலையை நான் பிறந்ததிலிருந்து ஒழுங்காகச் செய்துவருகிறேன். இரண்டாவதில்தான் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன்.

அறுபதுகளின் நடுவில் கடலூரில் ஒரு மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். சொந்த ஊர் சிதம்பரம். மாடு வரும், ஆடு வரும், கழுத்துத் தொங்கிய கோழி வரும் என்று நம்பித்தான் வேலையில் சேர்ந்தேன். குதிரையும் வரும் என்று யாரும் சொல்லவில்லை. (பெயரிலேயே மாடு இருக்கும்போது குதிரைக்கு அங்கே என்ன வேலை?) குதிரை முன்பக்கம் கடிக்கும், பின்பக்கம் உதைக்கும். நடுவில் நின்றாலோ எது முதலில் வரும் என்று தெரியாது. குதிரை வண்டி எதிரே வந்தால் நான் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவேன்.

குதிரைக்குச் சொறி வந்தால் முடியை ஒட்ட வெட்டிவிட்டுத்தான் மருந்து தடவ வேண்டும். அதற்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் இருந்தது. சலூனில் பிடரியில் ஓட்டுவார்களே, அதற்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். இரண்டு நீளக் கைப்பிடிகள்; இரண்டு கையாலும் பிடித்து அழுத்த வேண்டும். முனையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பல் தகடுகள். கீழ்த்தகடு அசையாது, மேல்தகடு இப்படியும் அப்படியும் ஓடும். இடையில் வருகிற முடி அறும். இரண்டு தகடும் ஒட்டிப் படிந்திருக்க வேண்டும். அதுதான் அந்த மெஷினுக்கு உயிர்.

டாக்டர் எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "வேலை முடிஞ்சதும் பிரஷ் போட்டு முடியெல்லாம் தட்டு. மண்ணெண்ணெயில முக்கித் தொடை. ஒரு சொட்டு எண்ணெய் வுடு. மரைய தளர்த்திட்டுப் பொட்டியில வை. மழுங்கிச்சின்னா எங்கிட்ட குடு, மெட்ராசுக்கு அனுப்பிக்கலாம். நீ கைய வெக்காத."

கை வைக்கக் கூடாது என்ற கடைசி வரியை மட்டும் நான் முழுமனதோடு கடைப்பிடித்தேன். அந்தப் பெட்டியையே தொடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் திருப்பாதிரிப்புலியூரில் எனக்குப் பெண் பேசினார்கள். பெண் பெயர் கஸ்தூரி. அவளுடைய அப்பா ஏகாம்பரம் தவிட்டு மண்டி வைத்திருந்தார். சொந்த வண்டி, அதை இழுக்க மாணிக்கம் என்று ஒரு வெள்ளைக் குதிரை. என் அப்பா போய்க் கேட்டதற்கு அவர் சொல்லியனுப்பிய பதில் இது: "மாணிக்கத்துக்கு வவுத்துல சொறி. திங்கக்கெழம நானே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கிட்டு வரேன். பையன் கைவேலைய பாத்துட்டுச் சொல்றேன்."

ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். ஐப்பசி மழை முழுவதும் உள்ளே கிடந்த மெஷின், சிவப்பாகத் துரு ஏறி என்னைப் பார்த்தது. டாக்டரிடம் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பெண் போகும். பார்த்தேன், தகடுகளைக் கழற்றி எடுத்துப்போய், என் அறைக்குப் பின்னால் இருந்த துவைக்கிற கல்லில் மணலைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன். துரு போனது. என் முகமே தெரிகிற அளவுக்குப் பளபளப்பு! ஊர்த்துணி எல்லாம் துவைத்து நடுவில் பள்ளம் விழுந்த கல் அது. அதில் தேய்த்த தகடு தொந்தி வைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. திரும்பப் பூட்டியபோது தகடுகள் ஒன்றோடு ஒன்று படியவில்லை. சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி விலகி நின்றன. மரையை இறுக்கோ இறுக்கென்று இறுக்கி, என் கால் முடியில் வைத்துப் பார்த்தேன். வெட்டவில்லை, பிடுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. குதிரைத் தோல் தடிப்பு, அதற்கு இதெல்லாம் உறைக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஏகாம்பரம் வந்தபோது டாக்டர் ஊரில் இல்லை.

"டாக்டர் திருவந்திபுரம் போயிருக்காருங்க. அவுரு வந்ததும் பாத்துக்கலாங்க" என்றேன், உள்ளுக்குள் குளிர்ந்துபோய்.

"டாக்டரயா பாக்க வந்தேன்? நீ பண்ணு தம்பி."

"இல்லீங்க, குதிரைக்குக் களைப்பா இருக்கும்..."

"தோ இருக்கிற புலியூருலேந்து வந்ததுக்கா?" மீசைக்கு மேலே அவர் கண் சுருங்கியது. "என்னா, பயமா?"

"பயமா? எனக்கா?" என்றேன். அந்தக் குரல் யாருடையது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

அவர் மாணிக்கத்தைக் கம்பத்தில் கட்டி, தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் வயிற்றுக்குப் பக்கத்தில் குனிந்தேன். குதிரையின் தோல் ஓரிடத்தில் ஈ உட்கார்ந்த மாதிரி துடித்தது. என் தோல் எல்லா இடத்திலும் துடித்தது. மெஷினை வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். முடி அறாமல் மடிந்து தகடுகளுக்கு நடுவில் புகுந்தது. இன்னொரு அழுத்து. மெஷின் கவ்விக்கொண்டது. கைப்பிடி விரியவில்லை. மாணிக்கம் மெதுவாகத் தலையைத் திருப்பி, யார் அது என்று பார்த்தது. அந்தக் கண்ணின் வெள்ளையைப் பார்த்ததும் எனக்கு மூளை நின்றுவிட்டது. மெஷினை விட வேண்டியவன், இழுத்தேன்.

பிறகு நடந்தது துண்டு துண்டாகத்தான் நினைவில் இருக்கிறது. கயிறு அறுந்த சத்தம். ஏகாம்பரம் "வுட்றா, வுட்றா!" என்று கத்தியது. என் விரல்கள் விறைத்துப்போய் கைப்பிடியை விட மறுத்தது. புண்ணுக்குப் போடும் ஊதா மருந்து ஜாடி பெஞ்சோடு கவிழ்ந்து என் தலையில் கொட்டியது. காதோரமாக ஒரு குளம்பு போனது. என்மேல் பட்டது அதன் காற்று மட்டும்தான். அந்தக் குளம்பு நாலு விரல் இந்தப் பக்கம் வந்திருந்தால் இதை எழுத ஆள் இல்லை. கடைசியில் நான் மாடுகளின் தண்ணீர்த் தொட்டியில் மல்லாந்து கிடந்தேன். எனக்கு நேர் மேலே மாணிக்கத்தின் முகம். மூக்கு விடைத்து, பல் தெரிய.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு கையையும் கூப்பினேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை நான் யோசித்துச் சொல்லவில்லை.

"மன்னிச்சிடுங்க சார்... தெரியாம பண்ணிட்டேன் சார்... கோவப்படாதீங்க... நீங்க போங்க சார்!"

மாணிக்கம் என் முகத்தில் ஒரு தும்மல் போட்டுவிட்டு, வயிற்றில் மெஷின் தொங்க, கேட்டைத் தாண்டி வீட்டைப் பார்த்து ஓடியது. ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

நான் அடுத்த பஸ்ஸில் சிதம்பரம் போய்விட்டேன். தலையிலிருந்து கழுத்துவரை ஊதா. பக்கத்து ஸீட்டில் யாரும் உட்காரவில்லை.

"என்னாடா மூஞ்சி கத்திரிக்கா மாதிரி இருக்கு?" என்றாள் அம்மா. சாப்பிடக்கூடத் தெம்பில்லை. மெஷின் போச்சு, வேலை போச்சு, குதிரை செத்திருந்தால் ஜெயில். வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

மறுநாள் காலை அந்தச் செருப்புச் சத்தம் நிஜமாகவே வந்து நின்றது. குதிரைக்குப் பயந்தவன் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"பையன் எங்க?" ஏகாம்பரத்தின் குரல்.

"ஊர்ல இல்லீங்க" என்றாள் அம்மா, அந்த நெல் குதிரையே பார்த்துக்கொண்டு. (அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியும், கண்ணை எங்கே வைப்பது என்று மட்டும் தெரியாது.)

வெளியே வந்தேன். அவர் பையிலிருந்து மெஷினை எடுத்து ணங்கென்று தரையில் வைத்தார்.

"இத யாரு தீட்டுனது?"

"நான்தாங்க."

"எதுல?"

"தொவைக்கிற கல்லுலீங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு என் அப்பா பக்கம் திரும்பினார்.

"கெடிலம் பாலம் நெடுக இத தொங்கவுட்டுக்கிட்டே ஓடிச்சிங்க. எதுக்க ஒரு ஆளு நிக்கல. வீட்டுக்குப் போயி நாந்தான் கத்திரிக்கோல வெச்சி முடிய வெட்டி எடுத்தேன். தோலு லேசா கிள்ளியிருக்கு, மத்தபடி ஒன்னும் இல்ல." நிறுத்தி, மீசையைத் தடவினார். "குதிரகிட்ட ஒத வாங்குன ஆளுங்கள நெறைய பாத்துட்டேன். எவனா இருந்தாலும் மொதல்ல அதும் ஆத்தாள இழுப்பான், அப்பறம் சாட்டைய தேடுவான். உங்க பையன் தொட்டியில கெடந்துக்கிட்டு சார் சார்னு கும்புடறான். உசுரு போற நேரத்துலயும் வாயில மரியாத வருது. எம் பொண்ண இவன் ஒரு வார்த்த வாடீ போடீன்னு சொல்லுவானா? தேதிய பாருங்க."

நான் குதிர்மேல் சாய்ந்துகொண்டேன்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "மாப்பிள்ள ஊர்வலத்துக்கு மட்டும் கார் வெச்சிக்கலாம்."

டாக்டர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. தகடுகள் மெட்ராஸ் போய்ப் புதுசாக வந்தன. அந்த வேலையில் இருந்த காலம் முழுவதும் எண்ணெயும் மண்ணெண்ணெயும் காட்டி அந்த மெஷினைக் குழந்தை மாதிரி வைத்திருந்தேன்.

மாமனார் கணக்குத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் குடும்பம் என்றால் குரல் ஏறத்தானே செய்யும்? இத்தனை வருடத்தில் நான் என்றைக்குக் கத்தினாலும் கஸ்தூரி பதிலுக்குக் கத்தியதே இல்லை. பிள்ளைகள், மருமகள்கள் எல்லோரும் இருக்கும்போது, நிதானமாகச் சொல்வாள்:

"மாணிக்கத்துக்குக் குடுத்த மரியாதையில பாதி குடுங்க, போதும்."