வீட்டுக்கு ஒருவர் போதும்

நான் மற்றவர்களுடைய மலத்தைச் சேகரித்துப் பட்டம் வாங்கியவன். இதை இவ்வளவு நேராகச் சொல்ல எனக்குப் பல வருடம் பிடித்தது. ஊரில் அம்மா, "பையன் கனடாவுல கேன்சர் ஆராய்ச்சி பண்றான்" என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். எதை வைத்து ஆராய்ச்சி என்று யாரும் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மொன்றியலிலிருந்து லவாலுக்கு மெட்ரோ வந்த புதிது. டவுன்டவுனில் படிப்பு, லவாலில் ஒரு வீட்டு பேஸ்மென்டில் குடித்தனம். மேலே வீட்டுக்காரர்கள்: துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை பார்த்த சிவபாலன் அண்ணை, அவர் மனைவி யோகம் அக்கா. இருவருக்கும் ஐம்பது தாண்டியிருந்தது. (முதல் நாள் "அங்கிள்" என்று கூப்பிட்டேன். "என்னைக் கிழவனாக்காதையும் தம்பி, அண்ணை எண்டு சொல்லும்" என்றார்.)

பெருங்குடல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனைக்குக் குடியேறிகள் ஏன் வருவதில்லை என்று என் பேராசிரியை ஆராய்ந்துகொண்டிருந்தார். தமிழர்கள் என் பொறுப்பு. ஆளுக்கு ஒரு அட்டை கொடுப்பேன். மூன்று நாள், மரக்குச்சியால் துளி எடுத்து அதில் தடவி, மூடித் தர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருந்தால் அட்டை காட்டிக்கொடுத்துவிடும். அந்த நாட்களில் ஆட்டிறைச்சி கூடாது. நாற்பது வீடு, வீட்டுக்கு ஒருவர். ஏன் ஒருவர் என்றால், அது ஆய்வை நடத்துகிறவர்களின் வசதி, அவ்வளவுதான்.

ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில், வடையும் தேநீரும் முடிந்த கையோடு, தமிழர் மூத்தோர் கூட்டத்தில் என்னைப் பேசவிட்டார்கள். மைக் கிடைத்தால் எனக்குக் கொஞ்சம் கழன்றுவிடும். "ஏன் வீட்டுக்கு ஒராள் மட்டும்?" என்று ஒருவர் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பேராசிரியையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஐயா விடுவாரா? "நல்ல கேள்வி! சாப்பாட்டுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இருக்கு. நீங்க எல்லாரும் ஒரே அடுப்புல சமைச்சு ஒரே சட்டியில சாப்பிடறவங்க. அதனால வீட்டுக்கு ஒருத்தர் கொடுத்தா போதும்" என்றேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சுடுகிறது.

பிறகு வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பினேன். கதவைத் திறந்தது பெரும்பாலும் பெண்கள். அவர்களிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்காரர் பேர் என்ன?" ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் பெயர் எழுதுகிற நாட்டிலிருந்து வந்தவன், கை தானாக அப்படித்தான் எழுதியது. திறந்தவர்களுக்கும் குடல் இருக்கும் என்பது முதுநிலை மாணவனுக்குத் தோன்றவில்லை.

முப்பத்தொன்பது அட்டை வந்துவிட்டது. நாற்பதாவது என் தலைக்கு மேலேயே குடியிருந்தது.

"மூண்டு நாள் ஆட்டிறைச்சி இல்லாமலோ? விசர்க் கதை கதையாதையும்" என்றார் அண்ணை.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. மேடம்கிட்ட நாற்பதும் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன். என் மானம் போயிடும்."

யோகம் அக்கா பாவப்பட்டு, "விடுங்கோ தம்பி, நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். நாலாம் நாள் அட்டை வந்தது. ஒரு புடவைக் கடைப் பையில், மேலே எனக்கென்று ஒரு டப்பா கத்தரிக்காய்ப் பொரியல். (இரண்டையும் ஒரே பையில் வைத்ததை நான் பெரிதுபடுத்தவில்லை. பொரியல் அருமை.) நாற்பதுக்கு நாற்பது! பேராசிரியை என்னை மற்ற மாணவர்கள் முன்னால் எழுப்பி நிறுத்திப் பாராட்டினார்.

மூன்று வாரம் கழித்து அண்ணை தன் பெயருக்கு வந்த ஒரு பிரெஞ்சுக் கடிதத்தோடு பேஸ்மென்டுக்கு இறங்கி வந்தார். வாசித்தேன். அட்டையில் இரத்தம் இருக்கிறது, உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். அண்ணை படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டார்கள். பயம் என்று நினைத்தேன்.

பரிசோதனைக்கு முதல் நாள் அண்ணை நாலு லிட்டர் பேதி மருந்து குடித்தார். இரண்டாவது லிட்டரில் என் பரம்பரையை ஆரம்பித்து, நாலாவதில் என் பேராசிரியையின் பரம்பரைக்கு வந்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் நான்தான் மொழிபெயர்ப்பாளன். கடைசியாக எப்போது போனது, என்ன நிறம் என்று நர்ஸ் பிரெஞ்சில் கேட்க, நான் தமிழில் கேட்க, அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். அடுத்த படுக்கைக்காரருக்கும் தமிழ் தெரிந்திருந்தது.

முடிந்ததும் டாக்டர் வந்து, ஒன்றுமே இல்லை, குடல் சுத்தம் என்றார். எனக்கு உயிர் வந்தது. மயக்கம் தெளியாத அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்ப அவவுக்கும் ஒண்டும் இல்லைத்தானே தம்பி?"

"யாருக்கு?"

"யோகத்துக்கு. கார்ட் அவதானே குடுத்தவ."

"அப்ப அட்டையில இருந்தது அக்காவோடதா?"

"முழிக்கிறீர்? நீர்தானே மைக்கில சொன்னீர், ஒரே சட்டி, வீட்டுக்கு ஒராள் போதுமெண்டு. அவ கார்ட் குடுத்தா, நான் குழாய் வாங்கினன். முறை சரிதானே?"

வெளியே அக்கா காத்திருந்தார். கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "கொஞ்ச நாளா எனக்கு இரத்தம் போறது தம்பி. மூலமெண்டு நினைச்சுப் பேசாமல் இருந்தன். இவர் போனாச் சரியெண்டு..." என்றார். நான் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மாள்தான் எனக்குத் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார்.

அன்றே பேராசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. அக்காவுக்கு அவசரமாக நாள் வாங்க இரண்டு போன் பேசினார். பிறகு என் நாற்பது படிவத்தையும் புரட்டினார்.

"இதில் எத்தனை பெண்கள்?"

"...இல்லை, மேடம்."

"ஒருவர்கூட?"

அவர் படிவங்களை என் பக்கம் தள்ளினார். நாற்பது வீட்டுக்கும் நீயே போன் செய்து, உள்ளே இருந்தது யாருடையது என்று கேள் என்றார்.

கேட்டேன். ஐயா, அந்த ஒரு வாரம்! "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, அந்தக் கார்டுல இருந்தது உங்களோடதுதானா?" ஒருவர், "உதைக் கேக்கவோ உம்மை இவ்வளவு தூரம் அனுப்பினவை?" என்று போனை வைத்தார். இன்னொருவர் நீண்ட யோசனைக்குப் பிறகு, அது மாமியாருடையது என்று ஒப்புக்கொண்டார். ஏழு வீடுகளில் அட்டை ஐயா பெயரில், சரக்கு அம்மாவுடையது. ஆய்விலிருந்து என் நாற்பதையும் தூக்கிக் குப்பையில் போட்டார்கள். எனக்கு ஒரு வருடம் போயிற்று. மறுபடி முதலிலிருந்து வீடு வீடாகப் போனேன். இந்த முறை கதவைத் திறந்தவரின் பெயரை முதலில் கேட்டேன்.

அக்காவுக்குப் புற்றுநோய்தான். ஆரம்ப நிலை. ஒரு சாண் குடலை வெட்டி எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு வருடம் கழித்து என் கல்யாண வரவேற்பில் சிவபாலன் அண்ணை மைக்கைப் பிடித்தார். பக்கத்தில் யோகம் அக்கா, பட்டுச்சேலையில்.

"கலியாணம் எண்டா என்ன? நான் குடுக்கவேண்டியதை என்ர மனிசி குடுத்தா. அவ குடிக்கவேண்டியதை நான் குடிச்சன்."

விஷயம் தெரிந்த பாதி மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கதை தெரியாத என் மாமனார், "அடடா, என்ன தத்துவம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிரவே என் மனைவி முழுக்கதையையும் என்னிடமிருந்து கறந்துவிட்டாள். இன்றுவரை எங்கள் வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும், நான் பேனாவை எடுப்பதற்குள் அவள் கை நீளும்.

"இங்க கொடு. யாரோடதுன்னு முதல்ல கேளு, அப்புறம் எழுதலாம்."