முப்பத்தைந்தாம் ஆண்டுக் கைப்பீரங்கி

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனைவிக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று தோங் முடிவு கட்டியிருந்தார். மற்ற எல்லாவற்றையும் ஏற்கெனவே விட்டுக்கொடுத்தாகிவிட்டது.

விஷயம், ஒரு முழ நீள வெண்கலக் கைப்பீரங்கி. அறுநூறு வருஷத்துக்கு முன் எவனோ கழியில் செருகிச் சுட்டது. போன வசந்தத்தில் மச்சினன் தோட்டத்தில் ஆப்பிள் கன்றுக்குக் குழி வெட்டும்போது தோங்கின் மண்வெட்டியில் தட்டுப்பட்டது. அன்று முதல் அது கணப்பு மூட்டிய செங்கல் படுக்கை மேடையில், மனைவி சின்மேயின் பஞ்சுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுவில் படுத்திருக்கிறது. சின்மேய் ஓரத்தில் படுக்கிறாள்.

காலையில் நூடுல்ஸுக்கு மாவு பிசைந்துகொண்டே ஆரம்பித்தாள்.

“ஏங்க, உங்க பீரங்கி போலியாமே?”

“எந்த மடையன் சொன்னான்?”

“மேல என்ன வெட்டியிருக்கு?”

“ஹோங்வு ராஜாவோட முப்பத்தஞ்சாம் வருஷம்.”

“அந்த ராஜா ஆண்டதே முப்பத்தோரு வருஷம். செத்து நாலு வருஷம் கழிச்சு வந்து பீரங்கி வார்த்தாராக்கும்.”

தோங்குக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று ஒரு வருஷமாக ஏங்கிக்கொண்டிருந்தார்.

“அங்கதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. அவருக்கப்புறம் பேரன் நாலு வருஷம் ஆண்டான். சித்தப்பன் சண்டை போட்டு அரியணையைப் புடுங்கிட்டு, பய ஆண்டதே இல்லைன்னு சாதிச்சான். அந்த வருஷத்தையெல்லாம் தூக்கித் தன் அப்பா பேர்லயே போட்டுட்டான். அதான் முப்பத்தஞ்சு. போலி செய்யறவன் புத்திக்கு இது எட்டுமா?”

“வாயால சொன்னா யாரு நம்புவா? எழுதிக் குடுங்க.”

எழுதினார்.

“கடையில வாங்கினதுன்னு நெனைச்சுக்கப் போறாங்க.”

“கடையிலயா? நானே தோண்டி எடுத்ததாக்கும்!”

தோண்டிய இடம், தேதி, ஆழம் எல்லாம் எழுதினார். மூன்று பக்கம். அடியில் தன் சிவப்பு முத்திரையைக் குத்தினார்.

சின்மேய் கையைத் துடைத்துக்கொண்டு, எதிர்வீட்டில் தேநீர் குடித்தபடி காத்திருந்த அருங்காட்சியகப் பெண்ணைக் கூப்பிட்டாள். அவள் ஒரு பெட்டியோடு வந்தாள். மூன்று பக்கத்தையும் நின்றபடியே படித்தாள்.

“எங்களுக்கும் அந்த வருஷத்துலதான் சந்தேகம் இருந்துச்சு, ஐயா. போலின்னா நீங்களே வச்சுக்கலாம்னு உங்க வீட்டம்மாகிட்ட சொல்லியிருந்தேன். மண்ணுக்குள்ள கெடைச்ச அசல் சாமான் சர்க்காருக்குச் சொந்தம்.”

தோங் மனைவியைப் பார்த்தார். அவள் மறுபடி மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“யோசிச்சுப் பார்த்தா,” என்றார் மெல்ல, “அது போலியாவும் இருக்கலாம்.”

“வாய்ப்பே இல்லீங்க,” என்றாள் அந்தப் பெண், பெட்டியைத் திறந்தபடி. “இவ்வளவு கெட்டியான ஆதாரம் நாங்க பார்த்ததே இல்ல.”